அறுபது நிறைந்தவருக்கு அரைக் கட்டணம்

அறுபது வயது நிறைந்தவர்களுக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம் பாதிக் கட்டணத்தில் கிடைக்கும். நடைமுறை எளிது: பிறந்த திகதியைப் பார்ப்பார்கள், படத்தை ஒட்டுவார்கள், விண்ணப்பதாரர் கையெழுத்து வைத்ததும் முத்திரை குத்துவார்கள்.

பாலையூற்றிலிருந்து சீலா தன் கணவருக்காக வந்திருந்தாள்.

“லெஸ்லிக்கு நேற்றோட அறுபது முடிஞ்சுது, பிள்ளை.”

மீன்பிடி அலுவலகக் கருமபீடத்தில் இருந்த சுஹைரா படிவத்தை நிரப்பிக்கொண்டே சிரித்தாள்.

“அடுத்த நாளே ஓடி வந்திட்டீங்களே, அன்ரி! அங்கிளுக்கு நடக்க ஏலாதோ?”

“அவர் கடலுக்குப் போயிட்டார்.”

“லைசன்ஸ் இல்லாமலா? பிடிபட்டா தண்டம் கட்டோணுமே!”

“அதுதான் பிள்ளை பயம். கெதியாத் தாங்கோ.”

“கையெழுத்து வைக்க அவர்தான் வரோணும். படத்தைத் தாங்க, ஒட்டி வைக்கிறன்.”

சீலா பைபிளுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். சுருட்டை முடியோடு ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“மகன்ட படத்தை மாறி எடுத்திட்டீங்க, அன்ரி.”

“எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. இது அவர்தான். தொண்ணூறாம் ஆண்டு கடலுக்குப் போகேக்க இருபத்தைஞ்சு வயசு.”

சுஹைராவின் பேனா நின்றது.

“நல்ல கோவக்காரன், பிள்ளை. வரேக்க பத்திரம் இல்லையெண்டு துறைமுகத்தில மறிச்சா, அப்படியே திரும்பிப் போயிடுவார்.”