அழித்த எண்பது

செய்முறைத் தேர்வுக்கு மூன்றாவது முறையாக வந்திருந்த ஜெயசீலனுக்கு, இன்று தேறினால்தான் ஓசூரில் வேலை. ஒரு மின்தடையத்தையும் ஒரு கம்பிச்சுருள் காயிலையும் வரிசையாக இணைத்திருந்தான். மின்தடையத்தில் அறுபது வோல்ட், காயிலில் எண்பது என்று மீட்டர் காட்டியதை அப்படியே பென்சிலால் எழுதினான். கொடுத்த ஏ.சி. சப்ளையோ மொத்தமே நூறு. பக்கத்து மேசை பொன்ராசு எட்டிப் பார்த்தான்.

"நூறு குடுத்தா நூத்திநாப்பது எப்படிடா வரும்? வோல்ட்டு குட்டி போட்டுச்சா?" என்று ரப்பரை நீட்டினான்.

ஜெயசீலன் எண்பதை அழித்து நாற்பது ஆக்கினான். கணக்கு அழகாக உட்கார்ந்தது.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நாப்பதுக்குக் கீழ என்னமோ தெரியுதே?"

"எண்பது சார்."

"ஏன்பா அழிச்ச?"

"கூட்டினா வரல சார்."

"ரெண்டும் ஒரே பக்கம் போகாதுப்பா. அறுபது கிழக்க போனா எண்பது வடக்க போகும். குறுக்க அளந்தா நூறு. ப்ளஸ் டூவுல கலப்பெண் படிக்கல?"

படித்திருந்தான். அந்தப் பாடத்தில் அரை மார்க் கூட விட்டதில்லை. அது கரன்ட் கம்பிக்குள் வந்து காத்திருக்கும் என்றுதான் யாரும் சொல்லவில்லை.

"அப்ப எண்பது சரியா சார்?"

"நீ அழிக்கிற வரைக்கும் சரி. இப்ப சுவிட்சைப் போட்டு உன் நாப்பதைக் காட்டு."

முள் எழுந்து எண்பதில் போய் நின்றது. ஜெயசீலன் மீட்டரின் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டினான். தேர்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் இன்னொரு தடவை தட்டினான்.