இரண்டே விரல்

லாரி எஞ்சினை ஒரு கையால் தூக்கிக்கொண்டே மறு கையால் காது குடைகிறவர் என்று பட்டறையில் பெயரெடுத்த மெக்கானிக், குறைமாத மகள் கிடக்கும் இன்குபேட்டருக்குள் ஒரு விரலை விட்டபடி உறைந்து நிற்கிறார். காலையில் துணி மாற்ற இரண்டே விரலால்தான் அவள் காலைத் தூக்கினார். டாக்டரம்மா ஜன்னல் வெயிலில் பிடித்திருக்கும் எக்ஸ்ரேயில் தொடை எலும்பு பென்சில் கோடாகத் தெரிகிறது. கோடு நடுவில் விட்டுப்போயிருக்கிறது. “நானா ஒடிச்சேன்?” “நீங்க ஒடிக்கலங்க. வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து எதுவும் சேர்றதுக்குள்ள அவசரப்பட்டு வந்துட்டா. எலும்பு இன்னும் இறுகல. மருந்துல கூடிடும்.” அவர் காதில் ஏதும் ஏறவில்லை. நர்ஸ் சொட்டு மருந்தோடு வருகிறாள். “விரலை எடுங்கண்ணே.” “முடியலம்மா,” என்கிறார் மெக்கானிக், மூச்சை அடக்கிக்கொண்டு. “அவ பிடிச்சிருக்கா.”