மாடிப்படி சந்திப்பு

எலும்பு டாக்டரின் கிளினிக் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. துணிக்கடையில் நாளெல்லாம் நின்று குதிகாலைக் கெடுத்துக்கொண்ட விற்பனைப் பெண், பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒருவர் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் கால் வலியா சார்?”

“சுளுக்கும்மா. உங்களுக்கு?”

“குதிகால். ஊசி போட்டுடுவாரோன்னு பயமா இருக்கு.”

“எடுத்த எடுப்புல ஊசி எதுக்கு? மெத்துன்னு செருப்பு, கெண்டைக்காலுக்குப் பயிற்சி. அதுக்கும் கேக்கலைன்னாதான் ஊசி.”

“உங்களுக்குத் தெரியுது. கால் வலிக்காரங்கள மூணு மாடி ஏற வைக்கிறாரே, அந்த டாக்டருக்கு மூளை இருக்கா?”

“இல்லதாம்மா” என்றார் அவர், பரிதாபமாக.

மேலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“ஏற முடியுதா டாக்டர்? இல்ல, நேத்து மாதிரி எல்லாரையும் படிக்கட்டுக்கே அனுப்பட்டுமா?”