நூறு எண்ணும் வரை

இருநூற்றுப் பதினைந்து ரூபாய். அக்கா புருஷனுக்கு அவன் கொடுக்க வேண்டிய பாக்கி. இருபத்தாறு வருஷமாகக் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

ஸ்கேன் மேஜையில் ஏற்றிப் படுக்கவைக்கும்போதும் மாமா அதையேதான் கேட்டார். "பாக்கிக்காரன் கையைப் பிடிச்சுப் படுக்க வேண்டியிருக்கு பாரு, என் நேரம்."

ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு அப்போதே பொறுமை பாதி போய்விட்டது. மீதி, படம் எடுக்கும்போது போனது. ஊசி வழியாக மருந்தை ஏற்றி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். நாலாவது நொடியில் மாமா இருமித் தொலைத்தார். படம் மொத்தமும் கலங்கல்.

"இன்னும் ஒரே தடவைதான் மருந்து ஏத்தலாம். அதுக்கு மேல அவர் கிட்னி தாங்காது."

நுரையீரலில் கட்டி. அதை ஒட்டியே ரத்தக் குழாய்கள். குழாய் பிரிகிற விதம் ஆளுக்கு ஆள் மாறுமாம். எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரிப் படம் வராமல் நெஞ்சில் கத்தி வைக்கமாட்டேன் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

பத்து நொடி. மூச்சைப் பிடிக்க வேண்டியது வெறும் பத்து நொடி.

அதுவும் இந்த மனுஷனுக்கு! கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டியே குடும்பம் நடத்தியவர். துறைமுகத்தில் 'முக்குளிப்பான்' என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், நூறு எண்ணும் வரை தண்ணீருக்கடியில் கிடப்பேன் என்று அவனோடு ஒரு வாரக் கூலியைப் பந்தயம் கட்டி முங்கினார்.

படகில் நின்று எண்ணியவன் அவன்தான். நூறு ஆனது. நூற்றிருபது ஆனது. ஆளைக் காணோம். அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று வாய்விட்டு அழுதபடி, நீச்சல் தெரியாதவன் தண்ணீரில் குதித்தான். அவனை இழுத்துப் படகில் போட்டதும் மாமாதான். ஈரம் சொட்டச் சொட்டக் கையை நீட்டினார்: "எடு காசை."

அந்தக் கோபத்தில்தான் கொடுக்கவில்லை.

"இவரு யார் பேச்சையாவது கேப்பாரா?" கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஸ்கேன் பெண் மைக்கை அவன் பக்கம் தள்ளினாள். "நீங்களே எண்ணுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"யோவ் மாமா, பிடிச்சுக் காட்டு. பாக்கியை இன்னைக்கே எண்ணி வைக்கிறேன்."

மருந்து ஏறியது. மேஜை நகர்ந்தது.

"ஒண்ணு... ரெண்டு..."

பத்தில் பெண் தலையாட்டினாள். அவன் கவனிக்கவில்லை. பதினொண்ணு. பன்னிரண்டு. பாதங்கள் அசையவில்லை. பதினாலில் அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"மூச்சு விடுங்கய்யா! அண்ணே, உங்களுக்கு என்ன பைத்தியமா?"

சற்று நேரத்தில் திரையில் மாமாவின் நெஞ்சு சுழன்றது. சிவப்பும் நீலமுமாக, வேரோடு பிடுங்கிய செடி மாதிரி. ஒரு கிளையோரம் மஞ்சளாக ஒரு உருண்டை, கயிற்றில் ஒட்டிய சிப்பி போல.

"கண்ணாடி மாதிரி இருக்கு," என்றாள். "டாக்டருக்கு இது போதும்."

வெளியே பெஞ்சில் மாமா திறந்த சட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவன் பணத்தை எண்ணி அவர் மடியில் வைத்தான். சரியாக இருநூற்றுப் பதினைந்து.

மாமா அதைத் தொடவில்லை.

"வேணாம் மாப்ள. கழிச்சுக்கோ."

"இத்தனை வருஷம் உயிரை வாங்கிட்டு, இப்ப என்னவாம்?"

"அன்னைக்கு நான் எங்க பிடிச்சேன்? படகுக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டி, மூச்சு விட்டுக்கிட்டே நீ அழறதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். நிஜமாப் பிடிச்சது இன்னைக்குத்தான்."

அவன் பணத்தை வெடுக்கென்று எடுத்துப் பைக்குள் திணித்தான். பிறகு, இருபத்தாறு வருஷ எரிச்சலோடு குனிந்து, மாமாவின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான்.