ரத்தம் படாத தோப்பு

"ராஜாவைக் கொல்லு. அவன் பிள்ளைங்களையும் கொல்லு. ஆனா அந்த ஆப்பிள் தோப்புல மட்டும் ஒரு சொட்டு ரத்தம் விழக் கூடாது, ஹெட்லி."

"விழுந்தா?"

"படிக்கிறவங்க உன்னைக் கொன்னுடுவாங்க!"

முதல் புத்தகத்தின்போது பதிப்பாளர் கத்பர்ட் சிரித்தபடி சொன்னது அது. ஹெட்லியின் மாயக்கதைகளில் பாவம் அண்டாத ஒரே இடம் அந்தத் தோப்பு. ஐந்து புத்தகங்களிலும் டாம்சின் என்ற சிறுமி அங்கே ஒரு கிழட்டு ஆப்பிள் மரத்தின் உச்சிக் கிளைவரை ஏறுவாள், ஒருமுறைகூட விழுந்ததில்லை.

டாம்சின், ஒன்பது வயதில் இறந்துபோன அவர் மகளின் பெயர். தோப்பும் அவர் வீட்டுக் கொல்லையில் இருப்பதுதான்.

இனியும் பொய் எழுதக் கை வரவில்லை. ஆறாம் புத்தகத்தில் அரக்கர் படையை உள்ளே விட்டுவிட்டார். பூக்களின்மேல் குடல் சரிந்தது, புல்லில் தலைகள் உருண்டன. கடைசியில் அந்தக் கிழட்டு மரத்தையும் அரக்கர்கள் வெட்டிச் சாய்த்துக் கொளுத்தினார்கள்.

எதையும் முதலில் படிப்பவள் மனைவி வினிஃப்ரெட். சமையலறை மேசையில் அவள் தாள் தாளாகப் புரட்ட, ஹெட்லி எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார். மகள் பெயரில் மிச்சமிருந்ததையும் அழித்தவனோடு இனி இவள் இருப்பாளா?

டுமீல்! சன்னல் அதிர்ந்தது.

நல்ல விளைச்சல் வேண்டி ஜனவரி மாதம் செய்கிற வழக்கம். ஊரார் கொல்லையில் கூடி, அந்தக் கிழட்டு மரத்தின் கிளைகளுக்குள் சுட்டுப் பேய் விரட்டினார்கள். அடுத்து வேரில் ஆப்பிள் மது ஊற்றி, நூறாண்டு வாழ்கவென்று பாடுவார்கள். முதல் குவளை வீட்டுக்காரியின் கையால்தான்.

"அம்மா, சீக்கிரம்!" பக்கத்துப் பண்ணை ஜெத்ரோ கதவைத் தட்டினார். "மரத்துக்குத் தாகமாம். எனக்கு அதைவிட!"

வினிஃப்ரெட் கடைசித் தாளைக் கவிழ்த்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"மன்னிச்சிடு வின்னி. உனக்காகத்தான் இத்தனை வருஷம் அந்த மரத்துமேல ஒரு கீறல் விழாம பாத்துக்கிட்டேன். இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"எனக்காகவா?" அவள் குரல் உடைந்தது. "உங்களுக்காகன்னு நினைச்சுதானே நான் வாயே திறக்கல! நம்ம பொண்ணைக் கீழ தள்ளின மரம். பதினோரு வருஷமா அதுக்கு என் கையாலயே ஊத்தி, நல்லா இருன்னு வாழ்த்திட்டு வரேன்."

டுமீல்!

எழுந்தவள் கதவைத் திறந்தாள்.

"ஜெத்ரோ, துப்பாக்கி போதும். கோடாலி எடுத்துட்டு வாங்க."