லிஃப்ட் மறுபடியும் நின்னுபோச்சு

“லிஃப்ட் மறுபடியும் நின்னுபோச்சு. கொஞ்சம் வர்றீங்களா?”

போனை வைத்ததும் லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஊரே விடுமுறையில் இருக்கிறது. அவசர டியூட்டி மட்டும் அவன் தலையில். அந்த ஆறு மாடிக் கட்டடத்திலிருந்து நாலு நாளாகப் பகல் பன்னிரண்டரைக்கு டாணென்று புகார்! முதல் நாள் இரண்டாம் மாடி. அப்புறம் ஐந்தாம் மாடி. நேற்று முதல் மாடி. இன்று மூன்றாம் மாடி டீச்சர்.

போய்ப் பார்த்தால், லிஃப்ட் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கதவு, பட்டன், மோட்டார் எல்லாவற்றையும் சோதித்தான். ஒரு குறையும் இல்லை.

“ஏன் டீச்சர் இப்படி அலைய விடறீங்க? நல்லாத்தானே ஓடுது?”

“அப்படியா? காலையில அசையவே இல்லையே தம்பி! சரி, வந்தது வந்தீங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க.”

அதேதான்! நேற்றும் முந்தாநாளும் இதே ஒரு வாய்தான்.

அவனுக்குப் புரிந்துபோயிற்று. பாவம், இந்தக் கட்டடத்துக்காரர்களின் பிள்ளைகள் எங்கெங்கோ இருப்பார்கள். மற்றவர்கள் கும்பலாகச் சிரிக்கும் படங்களைப் போனில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பேச ஓர் ஆள் வேண்டி மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

அந்த வேதனை அவனுக்குத் தெரியாதா? மனைவிக்கு வேறு நாட்டில் வேலை. மகளும் அவளோடு. இந்த முறை அவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. கௌரவத்துக்குப் பழைய படம் ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டு, ‘குடும்பத்தோடு குதூகலம்’ என்று எழுதியிருந்தான். நூற்றுப்பத்துப் பேர் பார்த்தார்கள். ஒருத்தரும் கூப்பிடவில்லை.

கோபம் போன இடம் தெரியவில்லை. கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். மகளின் குறும்புகளைச் சொல்லச் சொல்ல டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். இவனும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நம்மால் இவருக்கு ஒரு மணி நேரமாவது நல்லபடியாகப் போயிற்றே என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

“புகாரை முடிக்கணும் டீச்சர். உங்க போனுக்கு நாலு இலக்க நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க.”

“கையெல்லாம் சோப்பு தம்பி. மேசை மேல இருக்கு, நீங்களே பார்த்துக்குங்க.”

எடுத்தான். நம்பருக்கு மேலே, கட்டடத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது.

‘டீச்சர், லிஃப்ட் தம்பி இன்னிக்கு நல்லா சாப்பிட்டாரா? சர்வீஸுக்கு வந்த அன்னிக்கு, ஸ்டேட்டஸ்ல போன வருஷப் படத்தைப் போட்டுட்டு மோட்டார் ரூம்ல தனியா பன்னைக் கடிச்சுக்கிட்டிருந்தாரே, நினைச்சாலே மனசு கேட்கலை. நாளைக்கு லிஃப்டைக் கெடுக்கிற முறை எங்க நாலாம் மாடிக்கு!’

அதை இன்னொரு தடவை படித்தான்.

“நம்பர் கிடைச்சுதா தம்பி?” சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“கிடைச்சுது டீச்சர்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அப்படியே நாலாம் மாடியிலயும் சொல்லிடுங்க. நாளைக்கு லிஃப்டைக் கெடுக்க வேண்டாம், நானே வந்துடறேன்.”