காதில் ஒரு செவ்வரளி

"சாமியே இல்லைங்கறவரு கையில சாமிப் பூவைக் குடுக்கறதா? ஏனுங்க, ஊருக்கே புத்தி கெட்டுப்போச்சா?"

பூக்காரி பங்காரம்மா கூடையைத் தட்டித் தட்டிக் கேட்டாள். கேட்டு என்ன பயன்? ஊர் முடிவு செய்துவிட்டது.

மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கிற ஆலமரத்தை வெட்டிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று தர்மகர்த்தா வேங்கடசாமி ஒற்றைக் காலில் நின்றார். மண்டபத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று மரத்தின் மேலே இருந்தது. கொக்குகள். அவர் வெளுத்த வேட்டி சட்டையோடு கோயிலுக்கு வந்தால் போதும், அத்தனை பேர் நின்றாலும் அவர் தோள்தான் கொக்கின் கண்ணுக்குத் தெரியும்.

பாதி ஊர் வெட்டலாம் என்றது. கூட்டில் குஞ்சு இருக்கும்போது கை வைத்தால் மழை நின்றுபோகும் என்றது மீதி ஊர். பங்காரம்மா மீதி ஊரில் சேர்த்தி. அந்த நிழல் போனால் அவள் கடையும் போச்சு. கூடையைத் தூக்கிக்கொண்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வெயிலில் அலைய வேண்டியதுதான்.

சரி, ஆத்தாளையே கேட்டுவிடுவோம் என்று பூக்கேட்க நாள் குறித்தார்கள். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிப்பது. வெள்ளை வந்தால் வெட்டலாம். சிவப்பு வந்தால் தொடக்கூடாது.

பொட்டலம் கட்டுவது யார் என்பதில்தான் சண்டை வந்தது. பூசாரி தர்மகர்த்தாவின் ஆள். வேறு யாரைச் சொன்னாலும் எந்தப் பக்கத்துக்காவது பங்காளி, இல்லையென்றால் மச்சான். கடைசியில் வேங்கடசாமியே சொன்னார்.

"நம்ம நஞ்சுண்டனைக் கூப்பிடுங்க. அவருக்கு ஆத்தாளும் ஒண்ணுதான், அடுப்புக்கல்லும் ஒண்ணுதான். எந்தப் பக்கமும் சாய மாட்டாரு."

நஞ்சுண்டன் கறுப்புச் சட்டைக்காரர். மில் போராட்டத்தில் வேலையைப் பறிகொடுத்தும் வாய் குறையாதவர். கைக்காசில் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுப்பார். போன வாரத்து நோட்டீஸின் தலைப்பு, 'பூக்கேட்பது பித்தலாட்டம்'. அதைக் கிழித்துத்தான் பங்காரம்மா மல்லிகைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானத்தில் அவருக்குத் தூக்கம் அந்த மரத்தடியில்தான். எச்சம் விழுந்தால் துடைத்துப்போட்டு மறுபடி படுத்துக்கொள்வார்.

கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே வந்தார். உங்கள் ஆத்தாளுக்கு என்னை விட்டால் நாதி இல்லையா என்று ஊரையே ஒரு சுற்று கிண்டலடித்தார். பிறகு பங்காரம்மாவிடம் வந்து வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டையும் பூவரச இலையில் போட்டாள். அவராகவே கூடையிலிருந்து இன்னொரு செவ்வரளியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"ஊரே காதுல பூ வெச்சுட்டு நிக்குது. நான் மட்டும் எதுக்கு அம்மணி மொட்டைக் காதோட நிக்கறது?"

"ஆத்தா பாத்துட்டுத்தான் இருக்கறா."

"பாக்கட்டுமுங்க. கண்ணு இருந்தா."

கோயிலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று மரத்துக்குப் பின்னால் போய் நின்று பொட்டலம் கட்டினார். கொண்டுவந்து பூசாரியின் தட்டில், கடையில் சில்லறையைப் போடுகிற மாதிரிப் போட்டுவிட்டு, வாசல் கல்லில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

மணி அடித்தது. வேங்கடசாமி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

குலவைச் சத்தத்தில் கொக்குகள் எல்லாம் ஒருசேர எழுந்து வட்டமடித்தன. மரத்துக்கு விலை பேச வந்த ஈரோட்டுக்காரரே அருள் வந்து ஆடினார். வேங்கடசாமி மரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்த முதுகின் நடுவில் சொத்தென்று ஒன்று விழுந்தது. "ஆத்தா ஆசீர்வாதம்" என்று முனகினாரே தவிர, அதைத் துடைக்கவில்லை.

பிரிக்காத பொட்டலத்தைப் பூசாரி வழக்கப்படி பிரிக்காமலே கிணற்றில் போட்டார்.

பங்காரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் கல்லுக்குப் போனாள். இன்றைக்கு இந்த மனுஷனை விடுவதில்லை.

"பாத்தீங்களா? ஆத்தா பேசிப்போட்டா. இனியாவது கையெடுத்துக் கும்பிடுங்க."

"ரெண்டு பொட்டலத்துல ஏதோ ஒண்ணு வந்துதானுங்க ஆகோணும்? சுத்தப் பித்தலாட்டம். அடுத்த நோட்டீஸுல விலாவாரியா எழுதறேன். பூக் கட்டறதுக்கு முந்தி ஒருக்காப் படிச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டு பீடியை அணைக்கத் தலையைத் திருப்பினார். அப்போதுதான் பங்காரம்மா அவருடைய அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்தாள்.

மரத்துக்குப் பின்னால் போகும்போது அதில் இருந்தது செவ்வரளி. இப்போது இருந்தது நந்தியாவட்டை. அப்படியானால் கிணற்றில் கிடக்கிற பொட்டலத்திலும்...

"எங்க நம்ம நஞ்சுண்டன்? ராசியான கையிங்க அது" என்று மாலையோடு வேங்கடசாமி வந்துகொண்டிருந்தார். பின்னால் ஊரே வந்தது.

பங்காரம்மா ஒருமுறை அம்மனைப் பார்த்தாள். ஒருமுறை மரத்தைப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, காதோடு சேர்த்து அவர் தலையில் முக்காடு போட்டாள்.

"இப்படியே இருங்க. மேல கொக்கு இருக்குதுங்க."